திரைக்கு மேல் ஒரு திரை: காவலா, வீண் செலவா?

ஜோகூர் பாருவில் புதுக் கைப்பேசி வாங்கியவர் கடையை விட்டு வெளியேறும் முன் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. "அக்கா, கண்ணாடி ஒட்டிடலாமா? இது 9எச். சுத்தியல்ல அடிச்சாலும் ஒன்னும் ஆகாது" என்பார் கடைக்காரத் தம்பி. அக்காவும் தலையசைப்பார். ரசீதில் இன்னும் சில வெள்ளிகள் கூடிவிடும்.

அந்தச் செலவு தேவைதானா? இதை ஓர் அரங்கில் தலைப்பாக வைத்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் காவல் வேண்டாமா?" என்று ஒரு தரப்பு கேட்கும். "இப்போதைய கைப்பேசிக் கண்ணாடியே உறுதியானது. அதற்கு மேல் இன்னொன்று எதற்கு?" என்று மறுதரப்பு கேட்கும். இரு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியை அறிந்துகொள்வது ஜோகூர் மக்களுக்கு மிகவும் அவசியம். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பேருந்திலும் கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அவர்களுடைய வங்கிக் கணக்கும் மின்பணப்பையும் வேலையிட அழைப்பும் கைப்பேசிக்குள்தான் இருக்கின்றன. 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளைக் காரில் கடப்போர், கடப்பிதழுக்குப் பதிலாகக் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் வசதியும் வந்தது. திரை பழுதானால் அன்றைய சம்பளமே தடுமாறும் நிலை.

பழைய திரையும் புதிய திரையும்

திரைக்கு மேல் தாள் ஒட்டும் பழக்கம் கையடக்கக் கணினிகள் காலத்தில் பரவியது. அவற்றின் மேற்பரப்பு மென்மையான பிளாஸ்டிக். குச்சி போன்ற எழுதுகோலால் அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழ்ப் படலத்தைத் தொடும். கருவி இடத்தை அறிந்துகொள்ளும். அழுத்த அழுத்தக் கீறல் விழும். ஆகவே அன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள் உண்மையிலேயே அவசியப்பட்டது.

2007இல் விற்பனைக்கு வந்த ஐபோன் அந்த நிலையை மாற்றியது. அந்த ஆண்டு ஜனவரியில் காட்டப்பட்டபோது பிளாஸ்டிக் முகப்பாக இருந்தது, ஜூனில் கடைக்கு வரும்போது கண்ணாடியாக மாறியிருந்தது. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் 1960களிலேயே செய்து பார்த்து, வாங்க ஆளின்றி ஒதுக்கிவைத்திருந்த உறுதிக் கண்ணாடி நுட்பம் அப்போது கைகொடுத்தது. உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை முக்கி எடுப்பார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். இந்த நெருக்கமே மேற்பரப்பை இறுக்கிப் பிடித்து வலிமை தருகிறது.

அப்படியிருந்தும் ஏன் உடைகிறது? கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கீழே விழுந்து வளையும்போது ஒரு பக்கம் இழுபடும். அங்கே ஏற்கெனவே சிறு கீறல் இருந்தால் விரிசல் அதிலிருந்து தொடங்கும். இன்றைய கீறலே நாளைய உடைப்பு.

கீறுவது எது?

பையில் கிடக்கும் சாவியையும் சில்லறைக் காசையும் பலர் குறை சொல்வார்கள். பொதுவாக அவை கண்ணாடியைவிட மென்மையானவை. உண்மையான எதிரி மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் படியில் நிற்கிறது. கைப்பேசிக் கண்ணாடி பெரும்பாலும் அதற்குக் கீழே. டெசாரு கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவரின் பையிலும், கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரின் சட்டைப்பையிலும் ஒட்டியிருக்கும் மணல் துகள் போதும்.

இனி அந்த 9எச் விவகாரம். அது மோஸ் அளவுகோலின் 9 அல்ல. மோஸ் 9 என்பது நீலக்கல், மாணிக்கக் கல் வகையின் கடினம். கடைக்காரர் சொல்லும் 9எச் என்பது பென்சில் சோதனை. 9எச் பென்சிலால் கோடு போட்டாலும் கீறவில்லை என்பதே அதன் பொருள். சாதாரணக் கண்ணாடியே இந்தச் சோதனையில் தேறிவிடும். சுத்தியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எது எதற்கு உதவும்?

மெல்லிய பிளாஸ்டிக் தாள் கீறலை மட்டும் தடுக்கும். ரப்பர் போன்ற மென்படலம் வளைந்த திரைக்கும் பொருந்தும், சிறு கீறல் அதில் தானே மறையும். ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறுதிக் கண்ணாடி, கீறலைத் தடுப்பதோடு, நேர் அடி பட்டால் தான் உடைந்து அடியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் மூலை தரையில் மோதினால் அதனால் பெரிய பயன் இல்லை. மூலையைக் காப்பது உயர்ந்த விளிம்புள்ள உறைதான்.

புற ஊதா விளக்கில் இறுகும் திரவப் பசை வகையில் கவனம் தேவை. பசை ஒலிபெருக்கித் துளைக்குள்ளும் பொத்தான் இடுக்கிலும் இறங்கிவிடக்கூடும்.

மடக்குக் கைப்பேசியின் கதையே வேறு. 2019 ஏப்ரலில் சாம்சுங் கேலக்ஸி ஃபோல்டைச் சோதித்த சிலர், மேலிருந்த படலத்தை ஒட்டுத்தாள் என்று எண்ணி உரித்தார்கள். அது திரையின் ஒரு பகுதி. திரை கெட்டது. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, விற்பனை செப்டம்பர் வரை தள்ளிப்போனது.

பூட்டே திறந்துகொண்டால்?

கீறலைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 2019 அக்டோபரில், கேலக்ஸி எஸ்10 கைப்பேசியில் சிலவகை சிலிக்கான் உறையைப் போட்டால் உரிமையாளர் அல்லாதவர் விரலுக்கும் பூட்டு திறப்பது வெளிச்சத்துக்கு வந்தது. உறையில் இருந்த புள்ளி வடிவங்களைக் கைரேகையோடு சேர்த்துக் கருவி பதிந்துகொண்டதே காரணம். தென்கொரியாவின் ககாவ் வங்கி, கைரேகை வசதியை நிறுத்தி வைக்கும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. சாம்சுங் அந்த மாதமே மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அந்தக் குறை தீர்ந்தது, பாடம் மட்டும் இன்றும் பொருந்தும். கைரேகை வாசிப்பான் திரைக்குள் இருக்கும் கைப்பேசிக்கு, அதற்கென்று சொல்லப்பட்ட தாளையே ஒட்ட வேண்டும். ஒட்டியபின் பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும். பிறகு வீட்டில் உள்ள இன்னொருவரை விரல் வைக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கடையில் சொன்னது பொய்த்துப் போனால் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். 2019இல் கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளியாக உயர்ந்தது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

அப்படியானால் அரங்கின் தீர்ப்பு என்ன? மணலிலும் தூசியிலும் புழங்குபவர், அடிக்கடி கைநழுவவிடுபவர், பிள்ளைகள் கையில் கைப்பேசி கொடுக்கும் வீட்டார் ஒட்டுவதே நல்லது. அலுவலக மேசையில் கவனமாக வைத்திருப்பவர் ஒட்டாவிட்டாலும் குடி முழுகாது. ஒட்டுபவர் குளியலறையில் சற்றுநேரம் வெந்நீரைத் திறந்துவிட்டு, தூசு அடங்கியபின் ஒட்டட்டும். தாளில் விரிசல் விட்டால் மாற்றிவிட வேண்டும். அந்த விரிசல் விரலைக் கிழிக்கும், சாவடியில் கியூஆர் குறியீட்டையும் மறைக்கும்.

திரைக்கு மேல் ஒட்டும் தாள், அடி விழும்போது முதலில் உடைய வேண்டிய பொருள். அது கவசம் அல்ல. அதைப் புரிந்துகொண்டு வாங்குபவரைச் சுத்தியல் கதை சொல்லி யாரும் ஏமாற்ற முடியாது.