மேல்மண் மேலேயே இருக்கட்டும்

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்றால் பூமியின் அடுக்குகள் கண்ணெதிரே தெரியும். மேலே முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன செம்மண். அதன் கீழே மணற்கல்லும் களிமண்ணும். அடியில் பழுப்பு நிலக்கரி. 1961-ல் சுரங்கத்தில் அந்த அடுக்கு வெளிப்பட்டதிலிருந்து தோண்டல் நிற்கவில்லை. சக்கரம் போலச் சுழன்று மண்ணை வாரும் ராட்சத இயந்திரங்களில் பெரியவற்றின் ஒரு வாளியே 1,400 லிட்டர் கொள்ளும்.

நிலக்கரிக்கும் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. மேலே உள்ள பாரம் குறையக் குறைய, சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு அது பீறிடப் பார்க்கும். அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். சுற்றுவட்டார நிலத்தடி நீரைப் பற்றிய கவலையும் இதை ஒட்டியதுதான்.

தோண்டிய மண், கன்வேயர் பெல்ட்டில் போய், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் விழுகிறது. பள்ளம் நிரம்பிவிடும், நிலம் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. வெளிச்சமே காணாமல் ஆழத்தில் கிடந்த மண்ணில் மட்கு கிடையாது, மண்புழு கிடையாது, தழைச்சத்தும் இல்லாத குறைதான்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் நல்ல வயலின் காய்ந்த மண்கட்டி, மற்றதில் மட்கில்லாத ஆழ்மண்ணின் கட்டி போடுங்கள். ஆழ்மண் மளமளவென்று உதிர்ந்து சேறாகிவிடும். வயல்மண் வெகுநேரம் உருக்குலையாமல் நிற்கும். வேர்களும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசைதான் அதைக் கட்டிவைத்திருக்கிறது. அந்தப் பசை இல்லாத மண்மேடு ஒரு மழைக்கே ஓடையில் இறங்கிவிடும்.

ஆகவே தோண்டும் முன்பே மேல்மண்ணைத் தனியே வழித்து வைக்க வேண்டும். கடைசியில் அதையே மேலே பரப்ப வேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால், காற்றுப் புகாத உட்பகுதியில் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். பரப்புவதில் தாமதம் கூடாது. பிறகு சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் உயிர் ஊறத் தொடங்கும். சவுக்கும் கைகொடுக்கும். அதன் வேரைத் தோண்டிப் பாருங்கள்: சிறு முண்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். அவற்றுள் குடியிருக்கும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது.

ஒரு அங்குல மேல்மண் உருவாக இயற்கைக்குச் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். அதை வழித்து வைக்காமல் புதைத்துவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. மீட்ட நிலம் என்று யாராவது காட்டினால், மரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். குனிந்து ஒரு மண்கட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.