ராம்குமார் (1924–2018): ஆட்கள் விலகிய படித்துறை

சிம்லாவில் பிறந்தவர், டெல்லியில் பொருளாதாரம் படித்தவர். வங்கி வேலையை உதறிவிட்டு பாரிஸ் சென்று, ஆந்த்ரே லோத், ஃபெர்னான் லெஜே ஆகியோரிடம் ஓவியம் பயின்றார்.

1950களில் இவர் வரைந்தவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தினர். வேலையில்லாத இளைஞர்கள், தோளோடு தோள் உரச நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். கண்களைக் கவனியுங்கள், நம்மைப் பார்ப்பது போலிருக்கும், பார்க்காது. முதுகுக்குப் பின்னால் நெருங்கி நிற்கும் வீடுகள் அப்போது வெறும் பின்புலம்.

1960இல் ஓவியர் எம்.எஃப். ஹுசேனுடன் காசிக்குப் போனார். காசிப் படித்துறையில் கூட்டத்துக்கா பஞ்சம்? ஆனால், அந்தப் பயணத்தில் முளைத்த ஓவியங்களிலிருந்து மனித உருவங்கள் மெல்ல வெளியேறிவிட்டன. சாம்பலும் பழுப்புமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வீடுகள், இருண்ட சந்துகள், நதி. பின்புலம் எழுந்து வந்து ஆட்களின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மனிதர்களை இவர் கைவிட்டுவிட்டார் என்பது அவசரத் தீர்ப்பு. அந்தச் சுவர்களின் நெரிசலில் பழைய முகங்களின் தவிப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகளில் வீடுகளும் கரைந்தன. மிஞ்சியவை சரிந்து பாயும் வண்ணப் பரப்புகள்: மலைச்சரிவு எனலாம், வயல் எனலாம், ஆறு எனலாம். ஓவியக் கத்தியால் வண்ணத்தை இழுத்துப் பரப்பிய தடங்கள் தெரிய, சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.