செற்றர் நாய்த் தேர்வு

ஜெயபுரம் முதலிய வன்னி ஊர்களில் வேட்டை நாய் என்றால் உடும்பையும் பன்றியையும் துரத்தி மறிக்கும் நாட்டு நாயே நினைவுக்கு வரும். செற்றர் என்னும் ஆங்கில இனமோ துரத்துவதன்று. பதுங்கிய பறவையை மோப்பத்தால் அறிந்ததும் உடலைத் தாழ்த்தி அசைவற்றிருப்பதே அதன் தனிப்பண்பு. துப்பாக்கி பரவாத காலத்தில், அவ்வாறு படிந்த நாயின்மேலாகப் பறவைகளுக்கு வலை வீசினர். இனப் பெயரும் அப்பழக்கத்தால் அமைந்ததே.

எட்வேட் லவராக் என்பார் 1825 இல் ஒரு சோடி நாய்களைப் பெற்று, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் புகழ்பெற்றதொரு குலத்தை உருவாக்கினார். அம்முறை நற்பண்பை நிலைநிறுத்துவது போலவே குறையையும் நிலைநிறுத்தும். பிறவிச் செவிடும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இவ்வினத்திற் காணப்படுகின்றன. ஆதலின் வாங்குவோர் வமிசப் பத்திரத்தோடு அமையாது, தாய் தந்தை நாய்கள் வெளியிற் தொழில் செய்யும் முறையை நேரிற் காணல் வேண்டும். குட்டியின் பின்னின்று கைதட்டிச் செவிப்புலனைச் சோதித்தலும் நன்று. ஒரு செவி மட்டும் கேளாமையைக் கருவியாலன்றி அறிதல் அரிது.

குலம் நன்றாயின் போதுமோ? வடபுல வறண்ட பற்றைகளிற் கௌதாரி உண்டு. ஆயினும் செற்றரின் நீள்மயிர் குளிர்நாட்டுக்கு உரியது. வன்னி வெயிலும் முள்ளும் உண்ணியும் அதனை வருத்தும். குறுமயிர் நாட்டு நாய்க்கு அவ்விடர் குறைவு. மேலும், 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் பறவை வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்தியுள்ளன. வேட்டை நின்றாலும் நாயின் பசியும் ஓட்ட வேட்கையும் நில்லா. பத்தாண்டுக்கு மேலும் அதனைப் பேணல் வேண்டும். எனவே நாயின் குலத்தை ஆராய்பவர், அது வாழவேண்டிய நிலத்தையும் முதலில் ஆராய்தல் கடனாகும்.