ஆட்டுரல் கிடக்கும் அடுக்களையை வாங்கலாமா?

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடொன்றை அண்ணனும் தம்பியும் பாகம் வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களை அண்ணன் பங்குக்குப் போனது. தரையில் பதித்த ஆட்டுரலும் அங்கேதான். பெயர்த்துத் தூக்கிப் போக முடியாது. தம்பி வீட்டாரும் வந்து மாவாட்டிக்கொள்ளலாம் என்று பாகப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். வழிநடைப் பாத்தியமும் இதுபோலத்தான். அடுக்களை அண்ணனுடையது, ஆட்டும் பாத்தியம் தம்பி வீட்டாருடையது. ஆட்ட வந்தவர் அரிசிப் பானையில் கைவைக்க முடியாது. பாதையில் நடப்பவருக்கும் ஓரத்துத் தென்னையில் தேங்காய் பறிக்க உரிமை கிடையாது.

வடசேரி, கோட்டாறு பக்கத்து முடுக்குகளிலும், பங்கு பங்காகப் பிரிந்துபோன விளைகளிலும் பின்மனைக்காரர் முன்மனை வழியாகத்தான் ரோட்டுக்கு வருவார். அந்த முன்மனையை நீங்கள் வாங்கப் போகிறீர்கள்.

இந்தப் பாத்தியம் ஆளோடு போவதில்லை, மண்ணோடு போவது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. அண்ணன் வீட்டை விற்றால் வாங்கியவருக்கு ஆட்டுரலும் சேர்ந்தே வரும். தம்பி வீட்டை விற்றால், அங்கே புதிதாக வந்தவரும் ஆட்ட வரலாம். "அவருக்குத்தான் எங்கப்பா வழி விட்டாரு, உமக்கில்லை" என்ற பேச்சு எடுபடாது.

ஆனால் எல்லாப் பாத்தியமும் ஒரே மாதிரி பிறப்பதில்லை. விலை பேசுகிறவர்கள் கோட்டை விடும் இடம் இது. பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை, ஊரில் வேறு உரலே இல்லை, ஆட்டாவிட்டால் அடுப்பெரியாது என்றால் அது அவசியத்தால் வந்த உரிமை. தம்பி வீட்டில் கிரைண்டர் வந்ததும் அது முடிந்துபோகும். பின்மனைக்கு மறுபக்கம் ரோடு வந்தால் அவசியப் பாதையும் இல்லாமல் போகும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலோ, கதை வேறு. கிரைண்டர் வந்தாலும் ஆட்டுரல் பாத்தியம் நிற்கும். எழுதிக்கொடுத்த வழி, அவசியம் தீர்ந்ததால் தீராது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்து ஆசிரமம் ஒன்றின் வழக்கில் 2010இல் இன்னும் ஒரு படி மேலே போனது: எழுத்தில் இல்லாவிட்டாலும், சூழ்நிலையிலிருந்தே வழி கொடுக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

மூன்றாவது வகை, பழக்கத்தால் வருவது. "மைனி, ஒரு நாழி அரிசி ஆட்டிக்கிடட்டா?" என்று தினமும் கேட்டுவிட்டு வந்தால் அது வெறும் அனுமதி, எத்தனை வருடமானாலும் உரிமையாகாது. கேட்காமல், ஒளிக்காமல், சண்டையில்லாமல், தன் பாத்தியம் என்றே 20 ஆண்டு விடாமல் வந்தால் உரிமையாகும். அரசு நிலத்தின் மீதென்றால் 30 ஆண்டு. இந்த வகை வில்லங்கச் சான்றில் வராது. அதில் வருவது பதிவானவை மட்டும். ஆகவே காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மனையில் போய் நில்லுங்கள். யார் எந்த வழியாக வருகிறார்கள், மண் எங்கே தேய்ந்து கிடக்கிறது, மதிலில் எங்கே இடைவெளி என்று அங்கேதான் தெரியும்.

வாங்கியபின் உங்கள் கையும் முழுக்கக் கட்டப்பட்டுவிடாது. உரலைக் கொத்திக் கொடுக்கும் கடமை அடுக்களைக்காரருக்கு இல்லை. பாதையைச் செப்பனிடும் செலவும் உங்களுடையதல்ல. வீட்டுக்கு ஆட்டியவர் திடீரென்று இட்லிக்கடைக்கு ஆட்டத் தொடங்கினால் தடுக்கலாம். நடைப்பாதையில் லாரி விடுவதும் அதே கணக்கு. 20 ஆண்டு எட்டியே பார்க்காத உரிமை பொதுவாக அழிந்துபோகும். ஆனால் ஆத்திரத்தில் மதில் கட்டி மறித்தால், பின்மனைக்காரர் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு நிற்பார்.

இனி காகிதம். 1956 நவம்பர் 1க்கு முன் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்ச் சீமை; தாய்ப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கக்கூடும். கொல்லம் 1110 என்றால் 1934-35. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பத்திரம் எழுதுபவரிடம் கொடுத்து நான்கெல்லையை வரிவரியாகக் கேளுங்கள். "மாமூல் நடைபாதை" என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்தி, அகலம் எத்தனை அடி என்று பாருங்கள். உங்கள் பத்திரம் மட்டும் போதாது. பாத்தியம் பெரும்பாலும் பின்மனைக்காரர் பத்திரத்தில்தான் விளக்கமாக எழுதப்பட்டிருக்கும்.

பாதைக்கு அடியில் உள்ள மண்ணும் உங்கள் பட்டாவில்தான். அதற்கும் சேர்த்தே சென்ட் கணக்கில் காசு கேட்பார்கள். கட்ட முடியாத மண்ணுக்குக் கட்டும் மண்ணின் விலை கொடுப்பது வீண் என்பேன் நான். பாதையை அளந்து தனியே விலை பேசுங்கள். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் பின்வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, நீங்க எந்த வழியா வந்து போறீய?" என்று கேட்டு, அவர் காட்டும் வழியையும் அகலத்தையும் விற்பவரிடம் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.