ஆயில் இல்லாமல் நின்ற பவர் வீடர்: மறுபடியும் கயிற்றை இழுக்காதீர்கள்

மஞ்சளுக்கு இரண்டாம் களை எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பவர் வீடர் பாதிப் பாரில் நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் அளவுக் குச்சியில் ஈரமே இல்லை. அவசரத்தில் அரை லிட்டர் ஆயிலை ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். கொஞ்சம் கனமாக வந்தாலும் இன்ஜின் ஓடியது. தப்பித்தோம் என்று மறுபடியும் பாரில் இறக்கினேன். உள்ளே 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜின் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ராடு மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, புது இன்ஜின் வாங்குவதில் போய் நின்றது.

5 முதல் 7 குதிரைத் திறன் கொண்ட பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 600 மி.லி. அளவுக்குத்தான் ஆயில் பிடிக்கும். இவற்றில் பலவற்றுக்கு ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற பகுதி, சுற்றும்போது ஆயிலை அள்ளித் தெளிக்கும். அளவு குறைந்தாலோ, சரிவான நிலத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ கரண்டிக்கு ஆயில் எட்டாது. ராடு அலுமினியம், கிராங்க் இரும்பு. ஆயில் வற்றிய சில நிமிடங்களில் அலுமினியம் இளகி கிராங்க்கில் அப்பிக்கொள்ளும்.

முதலில் என்ன பார்ப்பது?

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சுவிட்சை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கத்திகளில் சுற்றிய கொடி, நாரை அறுத்து எடுங்கள். கியர் பெட்டியில் உள்ள சிக்கலை இன்ஜின் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. பிறகு மிச்சமுள்ள ஆயிலை வெள்ளைத் துணி வழியே ஒரு தட்டில் வடியுங்கள். துணியில் மினுமினுக்கும் தூள் தங்கினால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் ராடு அல்லது பிஸ்டனின் அலுமினியம். ஒட்டினால் ரிங், சிலிண்டர், பேரிங் பக்கம் தேய்ந்திருக்கிறது.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரைத் தள்ளி வைத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுக்க வேண்டாம்.

கயிறு தங்குதடையின்றி வந்து, துணியிலும் தூள் இல்லை என்றால் நல்ல செய்தி. சில இன்ஜின்களில் ஆயில் குறைந்ததும் மின்பொறியை நிறுத்தும் சென்சார் இருக்கும். சமதளத்தில் வைத்துச் சரியான அளவு ஆயில் ஊற்றியதும் பொறி வந்தால், நிறுத்தியது சென்சார்தான். ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டுக் காது கொடுங்கள். தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். நான் தவறவிட்டது இந்த இடத்தில்தான்.

கயிறு சுற்றினாலும் பிஸ்டன் அசையவில்லை என்றால் ராடு முறிந்திருக்கிறது. பிளக் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், விரலை விடாதீர்கள்.

கயிறு அசையவே இல்லையா? வண்டி சாய்ந்து கிடந்திருந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோலோ ஆயிலோ இறங்கி அடைத்திருக்கலாம். பிளக் துளை வழியே அது வெளியேறியதும் இன்ஜின் சுற்றும். முகத்தைத் துளைக்கு நேராக வைக்க வேண்டாம். எதுவும் வரவில்லை என்றால், துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் கயிற்று மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் நட்டை ஸ்பானரால் இரு பக்கமும் லேசாக அசைக்கலாம். விட்டுக்கொடுக்காவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், மெக்கானிக் பிரிக்கட்டும். விட்டுக்கொடுத்தாலும் ஸ்டார்ட் செய்யாமல், பிரித்துப் பார்ப்பதே நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். கிராங்க்கில் ராடு உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அப்பியிருக்கும் அலுமினியத்தை நீக்கிய பிறகும் நகம் தட்டுப்பட்டால், ராடை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அந்தக் கிராங்க் புது ராடையும் தின்றுவிடும். கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் முழு இன்ஜின் விலையையும் உதிரிபாகங்கள், கூலி சேர்ந்த செலவையும் தனித்தனியே எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். புது இன்ஜின் என்றால் தண்டின் கனம், சாவிப் பள்ளம், சுற்றும் திசை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும்.

ஆயில் எங்கே போனது என்று தெரியாமல் புதுப் பாகங்களைப் போட்டால் அதே கதை திரும்பும். ஈரத்தில் புழுதி அப்பிய இடம்தான் கசிவின் தடயம். வடிபோல்ட், தண்டுப் பக்க ஆயில் சீல், மூடி ஆகியவற்றைப் பாருங்கள். வெளியே தடயமே இல்லாமல், முன்பு நீலப் புகை வந்து, பிளக்கும் கரியும் எண்ணெயுமாக இருந்தால் ஆயில் உள்ளேயே எரிந்திருக்கிறது. கியர் பெட்டி இன்ஜினோடு நேரடியாக இணைந்த மாடல் என்றால் அதன் ஆயில் அளவையும் பாருங்கள்; சீல் போயிருந்தால் இங்கே குறைந்தது அங்கே ஏறியிருக்கும். எங்கள் வண்டியில் குற்றவாளி, வடிபோல்ட்டில் பழையதையே திரும்பப் போட்ட ஒரு நசுங்கிய வாஷர்.

பல நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், அடுத்தடுத்து 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. புழுதிக் காட்டில் அதற்கும் முன்பே மாற்றலாம். சில மாடல்களில் அளவுக் குச்சியை மரையில் திருகாமல் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குறைந்த ஆயிலும் போதுமானதாகத் தெரியும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.