கண்ணகி வழக்குரை: பனையோலை ஏடு

வைகாசிச் சடங்கில் கிழக்கிலங்கையின் தம்பிலுவில், காரைதீவு போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடிப் படிக்கப்படும் காவியத்தின் ஏடு இது. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கீறலில் கரி பூசினார்கள்.

உற்றுப் பாருங்கள்: மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. புள்ளியிட்டால் ஓலை கிழியும். பாட்டை முன்பே கேட்டுப் பழகியவருக்கே இதைத் தடையின்றிப் படிக்க வரும்.

கதை சிலப்பதிகாரத்தை அப்படியே பின்பற்றவில்லை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்னும் கப்பல் தலைவன் கடல் கடந்து வந்து, வெடியரசன் என்னும் அரசனோடு போரிடும் பகுதி சிலப்பதிகாரத்தில் இல்லை. மதுரையை எரித்த அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடுவதோடு சடங்கு நிறைவுறும்.

மட்டக்களப்புப் பகுதி ஏடுகளை ஒப்பிட்டு வி. சீ. கந்தையா பதிப்பித்த நூல் 1968இல் வெளிவந்தது.

ஓலை எளிதில் ஒடியும், தொட வேண்டாம். உங்கள் வீட்டில் பழைய ஏடு இருந்தால் எரிக்கவோ ஆற்றில் விடவோ வேண்டாம். ஈரமும் கறையானும் அணுகாமல் வைத்து, எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.