பழைய மோட்டார் காரும் நமது பராமரிப்பும்

பால்மரம் சீவும் தொழிலாளர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு மரம் எத்தனை காலம் பால் தரும் என்பதை அதன் வயது மட்டும் முடிவு செய்வதில்லை. கத்தி ஆழப் பாயாமல், பட்டையை அளவாகச் சீவினால் மரம் நெடுங்காலம் பயன் தரும். காயப்படுத்தினால் இளமரமும் பாழாகும். மோட்டார் காரின் ஆயுளும் அத்தகையதே.

தோட்டத்தில் வாழ்வோருக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல அதுவே துணையாகலாம். புதிய கார் வாங்கினால் பல ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும் என்பதால் பலர் பழைய கார்களை நாடுகின்றனர். 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், அதன் வழிவந்த இஸ்வாராவும் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைகளும் பல உள்ளன. ஆனால், இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை நம்பி வாங்கலாமா?

ஓடிய தூரம் ஒன்றே அளவுகோலாகாது என்பதே நமது பதில். தூரங்காட்டியின் எண்ணைத் திருத்திவிடுவோரும் உண்டு. பழைய கார்கள் சிலவற்றில் ஐந்து இலக்கங்களே இருப்பதால், 99,999க்குப் பின் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு நில்லாது, காரையே பார்க்க வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகச் செய்யும். நீரில் எண்ணெய் மிதந்தாலோ, எண்ணெய் அளவுக் கம்பியில் பால் கலந்த தேநீர் போன்ற நிறம் தெரிந்தாலோ, எஞ்சினுக்குள் நீரும் எண்ணெயும் கலக்கின்றன என அறியலாம். அத்தகைய காரைத் தவிர்ப்பதே நலம். புகைக் குழாயில் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகையாக எரிகிறது. காரின் அடிப்பாகத்தில் துரு அரித்துள்ளதா எனவும் காண வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது அறிவுடைமை.

ரப்பரும் மூப்படையும்

பழைய காரில் இரும்பைவிட முன்னதாகத் தளர்வது ரப்பரே. ரேடியேட்டர்க் குழாய் வெடித்தால் நீர் வற்றி எஞ்சின் கொதித்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையெனில், முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். டயரின் பூக்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பூ மிகுதியாக இருந்தாலும், பழமையால் வெடிப்புற்ற டயர் ஆபத்தானது. குழந்தை குட்டிகளோடு பயணம் செய்யும் காரில் டயரிலும் பிரேக்கிலும் சிக்கனம் பார்க்கலாகாது.

பத்திரங்களும் முக்கியம்

காரை வாங்கியதும் உரிமையை நமது பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குமுன் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்ப்பர். திருட்டுக் காரும் வெட்டி ஒட்டிய காரும் இங்கே அகப்பட்டுவிடும். “தெரிந்தவர்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என விட்டுவிடுவது இருவருக்கும் தீங்கு. வாங்கியவர் பெறும் அபராதச் சம்மன் விற்றவர் வீடு தேடி வரும். 1,201 முதல் 1,400 சி.சி. வரையுள்ள சொந்தப் பயன்பாட்டுக் காருக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 70 ரிங்கிட்டே. ஆனால் காப்புறுதியின்றிச் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது. காப்புறுதியற்ற காரால் எவரேனும் காயமுற்றால், நட்ட ஈட்டுச் சுமை முழுவதும் நம் தலைமீதே விழும்.

கையிருப்புப் பணம் அனைத்தையும் காரின் விலையாகவே கொடுத்துவிடாமல், பெல்ட், டயர், பிரேக் ஆகியவற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய பின்னரும் மாதந்தோறும் சிறு தொகை சேமித்து வந்தால், பழுது நேரும்போது வட்டிக்காரரிடம் செல்ல நேராது. வாரம் ஒருமுறை எண்ணெயும் நீரும் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வாருங்கள். அவ்வாறு பேணப்படும் கார், ஓடிய தூரம் மிகுந்ததாயினும், குடும்பத்துக்கு உற்ற துணையாக விளங்கும்.